எட்டப்பன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சக ஊழியரை மேலதிகாரியிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். இப்போது எல்லோரும் அவரை 'எட்டப்பன்' என்கிறார்கள். என் அம்மா பிறந்த ஊர் எட்டயபுரம். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் மனம் கூசுகிறது. கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்தவர் உண்மையிலேயே எட்டப்பன்தானா?

ச., கோவில்பட்டி

அன்புள்ள ச.,

எட்டப்பன் என்பது ஒருவருக்கு வைத்த பெயரே அல்ல. எட்டயபுரம் பாளையக்காரர்களின் பரம்பரைப் பட்டம். அவர்களின் முன்னோர் ஒருவர் சோமன் என்ற மல்லனை வீழ்த்தினாராம். நாதியற்று நின்ற அவன் தம்பிகள் எட்டுப் பேருக்கும் தகப்பனாக இருந்து காத்ததால் எட்டப்பன் ஆனார் என்று அந்த வம்சத்தில் கதை சொல்வார்கள். அப்படிப்பட்ட பட்டம் வசைச்சொல் ஆனதில் எனக்கு வருத்தம் உண்டு.

1799 செப்டம்பரில் கும்பினிப் படையின் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின்) மேஜர் பானர்மேன், கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். பின்னாலேயே துரத்திப்போன எட்டயபுரத்துப் படை கோலார்பட்டியில் மோதியது. கட்டபொம்மனின் அமைச்சரான தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். அவரை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டார்கள். கட்டபொம்மன் தப்பிவிட்டார். புதுக்கோட்டைச் சீமையின் காட்டில் ஒளிந்திருந்த அவரைப் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டை மன்னர் விஜயரகுநாதத் தொண்டைமான். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து நிற்கவைத்து, விசாரணை என்று ஒன்றை நடத்தி, கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள்.

எட்டயபுரம் கும்பினிப் பக்கம் நின்றது உண்மை. பிற்பாடு பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கும் பெற்றது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் இரண்டு பாளையங்களுக்கும் எல்லைத் தகராறு வெகுகாலமாக இருந்தது. எட்டயபுரத்தாருக்குக் கட்டபொம்மன் அன்றைக்கு வரப்புச் சண்டைக்காரர். விடுதலை வீரராக நாம் பார்ப்பது பிறகு வந்த பார்வை. கும்பினிக்கு உதவியவர்கள் பலர். பிடித்தே கொடுத்த தொண்டைமானின் பெயரை யாரும் வசையாகச் சொல்வதில்லை. மொத்தப் பழியும் ஒரு பட்டத்தின் மேல் விழுந்தது. 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் வந்தபின் அது பட்டிதொட்டியெல்லாம் நிலைத்துவிட்டது.

சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலமும், முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் உங்கள் அம்மாவின் ஊரில்தான் இருக்கின்றன. சுப்பையா என்ற சிறுவனுக்குப் 'பாரதி' என்ற பட்டம் கிடைத்ததும் அங்கேதான். நீங்கள் கூசிப்போக வேண்டியதே இல்லை. அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் கோலார்பட்டியில் நடந்ததையும் புதுக்கோட்டையில் நடந்ததையும் தனித்தனியாக எடுத்துச் சொல்லுங்கள். அலுவலகத்தில் போட்டுக்கொடுத்தவரைப் போட்டுக்கொடுத்தவர் என்றே சொல்லட்டும்.