வேட்பாளர் சொன்னதை வீடியோவா போட்டேன், 10 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு

கேள்வி: அண்ணாச்சி, கங்கைகொண்டான் பக்கம் சின்னதா ஒரு யூடியூப் நியூஸ் சேனல் நடத்துதேன். சட்டமன்றத் தேர்தல் சமயத்துல ஒரு வேட்பாளர்கிட்ட, சிப்காட் குளிர்பான கம்பெனிக்கு தாமிரபரணி தண்ணி கொடுக்கலாமான்னு கேட்டேன். "கொடுக்கட்டும், நம்ம பயலுவளுக்கு வேலை வேணும்லா"ன்னாரு. அப்படியே போட்டோம், ஆனா தம்ப்நெயில்ல "கம்பெனிக்கு விலைபோனாரா?"ன்னு எழுதிட்டோம். இப்ப நோட்டீஸ் வந்திருக்கு, ஸ்டேஷன்ல இருந்தும் போன் வருது. வீடியோவ தூக்கிரவா?

பதில்: தூக்காதீங்க தம்பி, தம்ப்நெயில மட்டும் இன்னைக்கே மாத்துங்க. அவரு வாயால சொன்னத அவரு சொன்னதாவே போட்டிருக்கீங்க, அதுல ஒரு தப்பும் இல்ல, ஓட்டுப் போடுத ஜனத்துக்கு அது தெரிஞ்சே ஆகணும். இந்தத் தண்ணி விஷயத்துல மதுரை பெஞ்ச் 2016 நவம்பர்ல தடை போட்டு 2017 மார்ச்சுல நீக்குச்சு, இன்னமும் ஊருக்குள்ள ரெண்டு பக்கமும் பேசுதாங்க, அதனால பொதுப் பிரச்சனைதான்னு நாம தனியா நிரூபிக்கவே வேண்டாம். பொதுப் பிரச்சனையில ஒருத்தர் நடந்துக்கிடுத விதத்தப் பத்தி நல்லெண்ணத்தோட கருத்துச் சொன்னா அவதூறு ஆகாதுன்னு பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆவது பிரிவுலயே விலக்கு இருக்கு.

ஆனா "விலைபோனாரா" அந்த விலக்குல வராது. அது அவரு கருத்தப் பத்தின பேச்சு இல்ல, காசு வாங்கிட்டாருன்னு படிக்கவன் மனசுல விழுது, கேள்விக்குறி போட்டா தப்பிச்சிரலாம்னு நிறைய பேரு நினைக்காங்க, கோர்ட்டுல அது எடுபடாது. அவரு காசு வாங்கினதுக்கு உங்க கையில ஆதாரம் இல்லைன்னா அந்த வரிக்கு வருத்தம் தெரிவிச்சு வீடியோவுக்குக் கீழயே போட்டுருங்க. பேட்டிக்கு வருத்தம் சொல்லவே கூடாது.

ஸ்டேஷன் போனுக்கு பயப்படாதீங்க. அவதூறுக்கு போலீஸ் தானா எஃப்ஐஆர் போட முடியாது, மாஜிஸ்ட்ரேட்கிட்டதான் தனிப் புகார் போடணும், புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி அந்த மாஜிஸ்ட்ரேட்டும் உங்க தரப்பக் கேட்டுட்டுத்தான் வழக்க எடுக்கணும். வேற ஏதும் பிரிவு சேத்திருக்காங்களான்னு கேளுங்க, எழுத்துல சம்மன் கொடுத்தா வக்கீலோட போங்க. 10 லட்சமும் நோட்டீஸ்ல எழுதினதோட வந்துராது, அந்த வேட்பாளர் ஒரு வருஷத்துக்குள்ள சிவில் கோர்ட்டுல கேஸ் போட்டு, பேரு கெட்டுச்சுன்னு காட்டி ஜெயிக்கணும்.

எடிட் பண்ணாத முழு பேட்டி இருக்குல்லா, அந்த மெமரி கார்ட அழிச்சிராம கவர்ல போட்டு வைங்க, காப்பிய கோர்ட்டுல கொடுக்கணும்னா புதுச் சாட்சியச் சட்டம் 63-ஆவது பிரிவுப்படி சர்டிபிகேட் வேணும்.

இன்னொண்ணு, மறைக்காம சொல்லணும். எதிர் வேட்பாளர்கிட்ட இந்த வீடியோவுக்குப் பணம் வாங்கினீங்களா? வாங்கியிருந்தா அது பெய்டு நியூஸ், கதையே வேற, நோட்டீஸுக்குப் பதில் எழுதுறதுக்கு முன்னாடி உங்க வக்கீல்கிட்ட அதைச் சொல்லிருங்க. வாங்கலைன்னா நோட்டீஸ்ல குடுத்த கெடுவுக்குள்ள ரிஜிஸ்தர் தபால்ல பதில் போயிரட்டும்.