கேமரா கேள்வி - பதில்: சாயாத சுவர்கள், மாலை வெயில்

கே: ஜூனில் குடும்பத்தோடு பார்சிலோனாவும் பாரிஸும் போகிறோம். கையில் கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ்தான். அண்ணாந்து எடுத்தால் கட்டடமெல்லாம் பின்னால் சாய்ந்தாற்போல விழுகிறது. அகலமாகப் படம்பிடிக்கும் வைட் லென்ஸ் வாங்கட்டுமா? - வாசகி, திருச்சி

ப: வேண்டாம். வைட் லென்ஸையும் அண்ணாந்து பிடித்தால் சாய்வு கூடத்தான் செய்யும். கேமராவோடு, உள்ளே படத்தைப் பதியும் சென்சாரும் சாய்கிறது. சுவருக்கு இணையாக இல்லாததால், தள்ளியிருக்கும் உச்சி குறுகிப் பதிவாகிறது. 18 மி.மீ.யில் வைத்துக் கேமராவை நெட்டுவாக்கில் திருப்பி, மேலோ கீழோ சாய்க்காமல் மட்டமாகப் பிடியுங்கள். உச்சி ஃப்ரேமுக்குள் வரும்வரை பின்னால் நகருங்கள். கீழ்ப்பாதியில் வெறும் சாலைதான் இருக்கும், பிறகு வெட்டிவிடலாம்.

பின்னால் போக இடமில்லையா? உயரத்துக்குப் போங்கள். பாரிஸில் கேலரி லாஃபயெத் கடையின் மொட்டை மாடிக்குக் கட்டணம் இல்லை. ஓப்பரா கார்னியே என்ற பழைய இசை நாடக அரங்கின் பின்புறம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். அதுவும் முடியாவிட்டால் படம் திருத்தும் ஸ்னாப்சீட் ஆப்பில், சாய்வை நிமிர்த்தும் பெர்ஸ்பெக்டிவ் வசதி இருக்கிறது. திருத்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால், எடுக்கும்போதே இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விடுங்கள். முழுக்க நிமிர்த்திவிட்டால் மேல்பாகம் பெருத்துத் தெரியும். துளி சாய்வு இருக்கட்டும்.

கே: பார்சிலோனாவின் சக்ராடா ஃபமீலியா தேவாலயத்துக்கு எந்த நேரத்துக்கு டிக்கெட் எடுப்பது? - வாசகர், மதுரை

ப: நுழைவு நேரத்தையும் சேர்த்து ஆன்லைனில் பதிய வேண்டியிருப்பதால், இதை முன்பே முடிவுசெய்வது நல்லது. தேவாலயத்தை வடிவமைத்த கௌடி தம் வாழ்நாளில் பெரும்பகுதி எழுப்பிய, இயேசுவின் பிறப்பைக் காட்டும் முகப்பு கிழக்கே பார்த்தது. அதன்மேல் காலை வெயில் விழும். எதிரே உள்ள பூங்காக் குளத்தில் பிரதிபலிப்போடு எடுக்கலாம். மேற்கே அவர் சிலுவையில் பட்ட பாடுகளின் முகப்பு, அதற்குப் பிற்பகல்தான்.

உள்ளே போவதற்கு என் ஓட்டு மாலைக்கு. கிழக்கு ஜன்னல்களின் வண்ணக் கண்ணாடிகள் நீலமும் பச்சையும், மேற்குக் கண்ணாடிகள் ஆரஞ்சும் சிவப்பும். ஜூனில் சூரியன் இரவு ஒன்பதரை வாக்கில்தான் மறையும். ஐந்து மணிக்கு மேல் போனால் தூண்களின்மேல் சிவப்பு வழிவதைப் பார்க்கலாம். ஆனால் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால், இந்தச் சிவப்பைப் பிழை என்று நினைத்துக் கேமரா வெளுக்க வைத்துவிடும். டேலைட்டில் பூட்டுங்கள். கண்ணாடி வெளிறாமல் இருக்க எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தைப் பாதியாக) குறைத்து, பிறகு திருத்த வசதியான ரா ஃபைலாக எடுங்கள். ட்ரைபாட் அனுமதி இல்லை. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600, ஷட்டர் 1/60 நொடி என்று தொடங்கிப் பாருங்கள். கூரைக்கு மொபைலே போதும்: செல்ஃபி கேமரா மேலே பார்க்கும்படி தரையில் வைத்து, 3 நொடி டைமரைத் தட்டிவிட்டு விலகிக்கொள்ளுங்கள். யார் காலிலும் மிதிபடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு!

கே: இரவில் ஈஃபிள் கோபுரத்தைப் படமெடுப்பது சட்டப்படி குற்றம் என்கிறார்களே? - வாசகர், ஈரோடு

ப: பாதிதான் உண்மை. குஸ்தாவ் ஈஃபிள் 1923-ல் காலமானார். கோபுரத்துக்கான பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. 1985-ல் வந்த விளக்கு அலங்காரத்துக்குத்தான் உரிமை கோருகிறார்கள். உங்களுக்காக எடுத்து முகநூலில் போடத் தடையில்லை. காலண்டர், விளம்பரம் என்று காசாக்க நினைத்தால் கோபுர நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும்.

கோபுரத்துக்கு எதிரே ஆற்றின் அக்கரையில் உள்ள ட்ரோகடேரோ மேடையில் நில்லுங்கள். காலையில் அங்கிருந்து பார்த்தால் சூரியன் கோபுரத்தின் பின்னால் இருக்கும், இரும்பு வெறும் நிழலுருவாகிவிடும். ஜூன் மாலையில் வெயில் உங்கள் முதுகுப்பக்கமிருந்து நேரே அதன்மேல் விழும். சூரியன் மறைய இரவு பத்தாகும். அதன்பின் அரை மணி நேரம் வானம் கருநீலமாக இருக்கும்போது பொன்னிற விளக்கு எடுப்பாகத் தெரியும். கைப்பிடிச் சுவரில் பையை வைத்து அதன்மேல் கேமரா, ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 8, 2 நொடி டைமர். இருட்டிய பிறகு மணிக்கொரு முறை 5 நிமிடம் 20,000 பல்புகள் மினுக்கும். அப்போது ஷட்டரை அரை நொடிக்குள் வையுங்கள். கூடினால் மினுக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து கோபுரமே வெள்ளையாகிவிடும்.

கே: பேட்டரி, சார்ஜர்? - வாசகி, நாகர்கோவில்

ப: உபரி பேட்டரிகள் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் கூடாது. முனைகளில் டேப் ஒட்டுங்கள். நம்மூர் மெல்லிய இரண்டு பின் சார்ஜர் இரண்டு நாட்டிலும் அப்படியே பொருந்தும். மூன்று பின்னுக்கு அடாப்டர் தேவை.