புதையல் வேட்டைத் துப்புகள்: கேள்வி பதில்

சமூக மன்றப் புதையல் வேட்டையின் முதல் சுற்று முடிந்துவிட்டதால், அதன் துப்புகளைப் பற்றி இனி வெளிப்படையாகப் பேசலாம். அடுத்த சுற்றுக்கு விடை கேட்பவர்களுக்கு வழியை மட்டுமே சொல்வேன்.

தெம்பனிஸ் வாசகர்: ஐயா, "சுண்ணாம்பு சுட்ட கம்பத்தில் வீரத்தோடு வீற்றிருப்பவள்" என்ற துப்புக்காகப் பழைய தூண்களையெல்லாம் தேடி அலைந்தோம். எங்கே வழி தவறினோம்?

கம்பம் என்றதும் தூணை நினைத்ததில்தான் தவறினீர்கள். சிங்கப்பூர்த் தமிழில் கம்பம் என்பது கம்போங், அதாவது குடியிருப்பு. சிராங்கூன் சாலைப் பகுதியில் ஒரு காலத்தில் கட்டட வேலைக்கான சுண்ணாம்பைச் சுட்ட காளவாய்கள் இருந்தன. அதனால் அவ்விடம் சுண்ணாம்புக் கம்பம் எனப்பட்டது, அங்குள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தையும் சுண்ணாம்புக் கம்பக் கோயில் என்றே மக்கள் அழைத்தார்கள். "சுண்ணாம்பு" இடத்தைத் தருகிறது, "வீரத்தோடு" அம்மனின் பெயரைத் தருகிறது. காளவாய் இன்று இல்லை என்பதால் துப்பு பொய்யாகிவிடாது. அருகிலுள்ள ரேஸ் கோர்ஸ் சாலையையே பாருங்கள்: குதிரைப் பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் அங்கேயே நிற்கிறது. பழைய சிங்கப்பூரைப் பற்றிய துப்புகளில் பாதிக்குமேல் இவ்வாறு பெயரில் தங்கிவிட்ட தொழில்களையும் இடங்களையும் பற்றியவையே. ஆலயத்திற்குள் செல்லும் குழுக்கள் வழிபடுவோருக்கு இடையூறு செய்யக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஈசூன் வாசகர்: பூங்காவில் புதைத்திருந்தால் தோண்டி எடுக்கலாமா?

கூடாது. பொதுப் பூங்காவில் அனுமதியின்றி மண்ணையும் செடிகளையும் கலைப்பது குற்றமாகும். பொறுப்புள்ள எந்த ஏற்பாட்டாளரும் தோண்டி எடுக்கும்படி எதையும் மறைத்து வைப்பதில்லை.

பிடோக் வாசகர்: ஒரு துப்பில் க, ரு, அ, உ என்பனபோல ஆறு தனி எழுத்துகள் மட்டுமே இருந்தன. 247 எழுத்துகளுக்கும் வரிசை எண் கொடுத்துப் பார்த்தும் சொல் எதுவும் அமையவில்லை.

அவை எழுத்துகள் அல்ல, எண்கள். தமிழ் எண் வடிவங்களைத் துப்பு எழுதுவோர் எழுத்துகளாகவே எழுதிவிடுவது வழக்கம்: க 1, உ 2, ங 3, ச 4, ரு 5, சு 6, எ 7, அ 8, கூ 9. பழைய முறையில் சுழியம் கிடையாது, பத்துக்கு ய என்ற தனிக்குறி இருந்தது. ஆகவே சுழியம் இல்லாத எண்ணையே பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். ஆறு இலக்கம் வந்தால் முதலில் அஞ்சல் குறியீடாக எண்ணிப் பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளின் குறியீட்டில் கடைசி மூன்று இலக்கங்கள் புளோக் எண்ணையே காட்டும். ஐந்து இலக்கம் வந்தால் பேருந்து நிறுத்தத்தின் எண்ணாக இருக்கலாம்.

ஜூரோங் வாசகர்: திசை காட்ட எந்தக் கருவியை வாங்கலாம்?

கருவிகள் என் துறை அல்ல. கைத்தொலைபேசியில் உள்ள வரைபடமே போதும்.

உட்லண்ட்ஸ் வாசகர்: "நான்கு நாவால் ஒருவரைப் போற்றும், நட்ட இடம்விட்டு நகர்ந்த கூர்ங்கல், மாண்டோர் பெயரை மார்பில் சுமவாது" என்ற துப்புக்கு எஸ்பிளனேட் பூங்காவிலுள்ள போர் நினைவுச் சின்னத்தை எழுதினோம். அதில் நான்கு மொழிகளும் உள்ளன. ஏன் மறுத்தார்கள்?

நான்கு மொழிகளோடு நின்றுவிட்டதால்தான். அந்த வட்டாரத்தில் நடந்துசெல்லும் தூரத்திலேயே நான்கு மொழிகளில் பேசும் சின்னங்கள் பல உள்ளன. 1922இல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னத்தில் முதல் உலகப் போரில் இறந்த 124 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மூன்றாம் அடி அதை நேராகவே விலக்குகிறது. விடை எம்பிரஸ் பிளேஸில் உள்ள டல்ஹௌசி கூர்ங்கல்தான். இந்தியாவின் தலைமை ஆளுநர் டல்ஹௌசி பிரபு 1850இல் இங்கு வந்ததைப் போற்றி எழுப்பப்பட்டு, பிறகு இடம் மாற்றப்பட்ட அந்தக் கல்லில் ஆங்கிலம், தமிழ், சீனம், ஜாவி எழுத்தில் மலாய் ஆகியவை உள்ளன. அக்காலத்திலேயே தமிழுக்கு அங்கே ஒரு முகம் ஒதுக்கப்பட்டது என்பதை நம் பிள்ளைகள் நேரில் நின்று படிக்க வேண்டும் என்பது என் பெருவிருப்பம்.

செங்காங் வாசகர்: உடன்பட முடியவில்லை ஐயா. 1967இல் திறக்கப்பட்ட குடிமக்கள் போர் நினைவகத்திலும் நான்கு மொழிகள் உண்டு, இறந்தோர் பெயர்களும் இல்லை.

அது ஜப்பானிய ஆட்சியில் மாண்ட எண்ணற்ற குடிமக்களுக்கானது. துப்போ "ஒருவரை" என்கிறது. எழுப்பிய இடத்திலேயே அது நிற்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொங்கோல் வாசகர்: அப்படியானால் ராஃபிள்ஸ் சிலை ஏன் பொருந்தாது? அதுவும் ஒருவரைப் போற்றுகிறது, பாடாங்கிலிருந்து 1919இல் இடம் மாறியது.

நல்ல கேள்வி, ஆனால் இடம் மாறிய சிலை வெண்கலம். ஆற்றோரம் நிற்கும் வெள்ளைச் சிலையோ அதன் நகல், அது இடம் மாறவில்லை. "கூர்ங்கல்" என்ற சொல்லுக்கு இரண்டுமே பொருந்தா.

உட்லண்ட்ஸ் வாசகர்: கல் இடம் மாறிய செய்தியை நேரில் பார்ப்பவர் எப்படி அறிவார்? துப்பே நியாயமற்றது என்கிறேன்.

"நட்ட இடம்விட்டு நகர்ந்த" என்பதை மட்டும் நீக்கிவிட்டுப் பாருங்கள். ஒருவர், கூர்ங்கல், மாண்டோர் பெயர் இல்லை ஆகிய மூன்றும் நேரில் சரிபார்க்கக்கூடியவை, அவையே உங்கள் விடையை விலக்கிவிடுகின்றன. எனவே துப்பு நியாயமானதே. துப்பின் ஒரு சொல் பொருந்தாமல் மிஞ்சினாலும் விடை தவறு என்று கொள்ளுங்கள்.

ஆங் மோ கியோ வாசகர்: "கடலை நோக்கி நின்ற நாகூரார், இன்று கட்டடங்களை நோக்குகிறார்" என்பது?

தெலுக் ஆயர் தெருவிலுள்ள நாகூர் தர்கா. 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டபோது அத்தெரு கடற்கரையாக இருந்தது. பின்னர் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள்.

சுவா சூ காங் வாசகர்: சிறிய கரண்டியால் மெதுவாகத் தோண்டினால்?

ஈசூன் வாசகருக்குச் சொன்னதே விடை. கரண்டியின் அளவு பொருட்டல்ல.

கிளமெண்டி வாசகர்: அடுத்த சுற்றின் இரண்டாம் துப்புக்கு ஒரு சிறு குறிப்பாவது தரக்கூடாதா?

தர மாட்டேன்.

பிஷான் வாசகர்: பழைய இடப்பெயர்களை எங்கே தேடுவது?

தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கச் செய்தித்தாள் தொகுப்பில் தேடுங்கள். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் அங்கே உள்ளன. தேடும்போது ஒரே பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் இட்டுப் பாருங்கள். கம்பம் என்றும் கம்போங் என்றும் தனித்தனியே தேட வேண்டும். துப்பில் வரும் தொழிலின் பெயரையும் தெருவின் பெயரையும் சேர்த்துத் தேடினால் விரைவில் கிடைக்கும்.