மூடுபனியிலும் அடைமழையிலும் ஓட்ட எந்த ஃபாக் லைட் வாங்கலாம்? நானே பொருத்திக்கொள்ள முடியுமா?

உங்கள் காரில் ஃபாக் லைட் இல்லை, விடியற்காலையில் அடிக்கடி மூடுபனியில் ஓட்ட வேண்டியிருக்கிறது, மஞ்சளா வெள்ளையா, எத்தனை வாட், நானே பொருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாட்டும் நிறமும் பின்னால் வரட்டும். ஒளியின் மேல் விளிம்பு எங்கே நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு ஜோடி வாங்கினேன். பெட்டியில் ‘ஃபாக் லைட்’ என்றுதான் அச்சடித்திருந்தது. வானம் தெளிவாக இருந்த இரவுகளில் சாலை பட்டப்பகல் போலத் தெரிந்தது. முதல் மூடுபனி வந்த விடியலில் அவற்றைப் போட்டதும், கண்ணாடிக்கு வெளியே யாரோ வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டது போல ஆகிவிட்டது. அணைத்தேன், சாலை ஓரத்தின் வெள்ளைக்கோடு திரும்பத் தெரிந்தது. போட்டேன், கோடு மறைந்தது. அன்று மாலை ஒரு சுவருக்கு எதிரே காரை நிறுத்திப் பார்த்தேன். நடுவில் பளீரென்றும் போகப்போக மங்கியும் இரண்டு வட்டமான ஒளித்திட்டுகள் விழுந்தன. மேல் விளிம்பு என்ற ஒன்றே இல்லை. நான் வாங்கியது தொலைவுக்கு ஒளி வீசும் விளக்கு.

மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். விளக்கின் ஒளி ஒவ்வொரு துளியிலும் பட்டுச் சிதறுகிறது, அதில் ஒரு பங்கு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. நாம் பார்க்கும் திசையில் எவ்வளவு துளிகளை விளக்கு வெளிச்சமாக்குகிறதோ, அவ்வளவு தடிமனான வெள்ளைத்திரை எழும்பும். ஹை பீம் போட்டால் எதுவும் தெரியாமல் போவது இதனால்தான். நல்ல ஃபாக் லைட் கண்ணிலிருந்து விலகித் தாழ்வாக இருக்கும். அதன் ஒளி இரு பக்கமும் அகலமாக விரியும். மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல நேராக இருக்கும், அதற்கு மேலே இருட்டு. அந்த இருட்டுக்காகத்தான் பணம் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வாங்கும்போது விளக்கைச் சுவரில் எரித்துக் காட்டச் சொல்லுங்கள். லென்ஸில் உள்ள குறிகளையும் படியுங்கள். ஐ.நா. வாகன விதிகளின்படி ஒப்புதல் பெற்ற விளக்கில் வட்டத்துக்குள் ‘ஈ’ (E) என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அதோடு ‘பி’ (B) அல்லது ‘எஃப்3’ (F3) என்ற குறி இருந்தால்தான் அது முன்பக்க ஃபாக் லைட். ‘எச்ஆர்’ (HR) என்றிருந்தால் அது ஹாலோஜன் (இழை சூடாகி ஒளிரும் பல்ப்) ஹை பீம் வகை, வாங்காதீர்கள்.

இனி நிறம். மஞ்சள் ஒளி மூடுபனியைத் துளைக்கும் என்று பலரும் உறுதியாகச் சொல்வார்கள். வானம் நீலமாக இருப்பதற்கான காரணத்தை இங்கே கொண்டுவந்து பொருத்துவதால் வரும் தவறு இது. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள்தான் நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும். மூடுபனித் துளிகளோ அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை, எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கின்றன. அப்படியிருந்தும் என் காரில் மஞ்சள்தான் இருக்கிறது. நீலம் கலந்த ஒளியில் கண் அதிகம் கூசுகிறது, மஞ்சளில் நெடுநேரம் ஓட்டினாலும் எனக்கு அவ்வளவு களைப்புத் தெரிவதில்லை. பிரான்சில் 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. வெள்ளை பிடித்தால் வெள்ளையே வாங்குங்கள், ஆனால் 6000 கெல்வினுக்கு (பெட்டியில் போட்டிருக்கும் ஒளி நிறத்தின் அளவு) மேற்பட்ட நீல வெள்ளை மட்டும் வேண்டாம்.

ஹாலோஜனுக்காகச் செய்த விளக்கில் எல்இடி பல்பை மாட்டிக்கொள்வது இன்னொரு தொல்லை. அந்த விளக்கினுள் ஒளியைத் திருப்பியனுப்பும் ரிஃப்ளெக்டர் முழுவதும் மெல்லிய இழை இருக்கும் ஒரே இடத்தைக் கணக்கிட்டு வடித்தது. ஒளி பிறக்கும் இடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே மேல் விளிம்பு கலைந்துவிடும், எதிரே வருபவரின் கண்ணையும் பறிக்கும். எல்இடி வேண்டுமென்றால் முழு விளக்கையும் எல்இடிக்கென்றே வடிவமைத்ததாக வாங்குங்கள். பனி பொழியும் இடங்களில் ஹாலோஜனுக்கு ஒரு சிறப்பு உண்டு: அதன் சூடு லென்ஸில் படியும் பனியை உருக்கிவிடும்.

பொருத்துவதை நீங்களே செய்யலாம். தாழ்வாக, ஆனால் மிகத் தாழ்வாக வேண்டாம். ஐ.நா. விதியில் கார்களுக்கு இது தரையிலிருந்து 25 முதல் 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், லோ பீமுக்கு மேலே போகக் கூடாது. உங்கள் நாட்டு விதியையும் பார்த்துவிடுங்கள். ரேடியேட்டருக்குக் காற்று வரும் வழியையோ, பம்பரில் உள்ள சென்சார்களையோ மறைக்காதீர்கள். விளக்கைத் தலைகீழாக மாட்டினால் அந்த நேரான மேல் விளிம்பு கீழே போய் ஒளி முழுதும் மேலே எழும்பும். மேல்புறத்தைக் காட்டும் குறி இருந்தால் பார்த்து மாட்டுங்கள்.

வயரிங்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். 55 வாட் விளக்கு இரண்டும் சேர்ந்து ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை டாஷ்போர்டு சுவிட்ச் வழியே நேராகக் கொண்டுபோனால் சுவிட்ச் சூடாகி உருகும். ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்சுவிட்ச், கட்டாயம். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒயர் புறப்பட்டதும், பேட்டரிக்கு அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண்ணிட்ட முனைக்கு, 87இலிருந்து விளக்குகளுக்கு, 85 எர்த்துக்கு (காரின் உலோக உடலுக்கு), 86 சுவிட்சுக்கு. சுவிட்சுக்கான மின்சாரத்தைப் பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து எடுத்தால், காரின் விளக்குகளை அணைத்துவிட்டுப் போகும்போது ஃபாக் லைட் மட்டும் எரிந்து பேட்டரியைத் தீர்க்காது. ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். தகட்டுத் துளை வழியே போகும் இடத்தில் ரப்பர் வளையம் வையுங்கள். இல்லையென்றால் அதிர்வில் உரசி உரசி உறை கிழியும்.

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது ஜோடி பொருத்தியபோது இடது விளக்கு மட்டும் மங்கலாக, செம்மஞ்சளாக எரிந்தது. பல்பை மாற்றினேன், பயனில்லை. மல்டிமீட்டரை வைத்தபோது பேட்டரியில் 12.6 வோல்ட், அந்த விளக்கில் 10.9 வோல்ட். எர்த் ஒயரின் திருகைப் பெயிண்ட் பூசிய தகட்டிலேயே முறுக்கியிருந்தேன். பெயிண்டைச் சுரண்டி வெறும் உலோகம் தெரிந்ததும் திருகி, மேலே கிரீஸ் தடவினேன், இரண்டும் ஒரே மாதிரி எரிந்தன. ஹாலோஜனில் மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் வரை குறையும். அதனால் அதிக வாட் பல்ப் வாங்கும் முன் இருக்கும் விளக்குக்கு முழு வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்து குறி வைப்பது. டயரில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர், தரை சமமாக இருக்கட்டும். சுவரிலிருந்து விளக்கு 7.5 மீட்டர் தள்ளி இருக்கும்படி நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அந்த உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். நான் முதல் முறை அப்படி வைத்தபோது இவ்வளவு தாழ்வாக வைத்து என்ன பயன் என்றே நினைத்தேன். மறுநாள் மூடுபனியில் இரு ஓரங்களும், வளைவின் உள்பக்கமும் தெரிந்தன.

எவ்வளவு தெரியும் என்பதில் தவறான நம்பிக்கை வைக்காதீர்கள். அடர்ந்த மூடுபனியில் சில பத்து மீட்டர்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. ஒன்றைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் 25 மீட்டர் கடந்திருக்கும். ஓரத்தைப் பிடித்து மெதுவாகப் போகத்தான் இந்த விளக்கு.

பகலில் மூடுபனி என்றால் கையாலேயே லோ பீமைப் போடுங்கள். பகல் வெளிச்சம் இருப்பதால் தானியங்கி ஹெட்லைட் பெரும்பாலும் எரியாது. முன்னால் பகலில் தானாக எரியும் சிறு பகல்விளக்கு மட்டும் எரியும், பல கார்களில் அப்போது பின்விளக்கு இருட்டாகவே இருக்கும். பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். உங்கள் காரில் பின்பக்க ஃபாக் லைட் இருந்தால் அதையும் போடுங்கள். டாஷ்போர்டில் அதன் குறி செம்மஞ்சள், முன்பக்கத்துக்குப் பச்சை. மூடுபனி விலகியதும் பின்னதை உடனே அணைத்துவிடுங்கள். அது பிரேக் லைட் அளவுக்கே பிரகாசமாக எரியும், நீங்கள் பிரேக் போடுவது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும்.