சோளத்தில் பீர், கேழ்வரகில் பீர்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்துக் கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் பாதி, "எவ்வளவு போதை வரும்?" என்பதுதான். ஒழுங்காக வடித்தால் நாலு, ஐந்து சதவீதம் வரும். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. மீதிக் கேள்விகளுக்கு வருவோம்.

டோங்காட்டிலிருந்து: அண்ணா, பார்லியே சேர்க்காமல் கேழ்வரகில் மட்டும் பீர் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் பார்லிக்குச் செய்கிற முறையிலேயே செய்தால் கையில் கிடைப்பது கலங்கல் தண்ணீர்தான். தானியத்தின் மாவுச்சத்து முதலில் வெந்து குழைய வேண்டும். அப்போதுதான் முளையில் உள்ள நொதிகள் அதைச் சர்க்கரையாக மாற்றும். பார்லி மாவு ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரியில் குழைந்துவிடும், நொதிகளுக்கும் அதே சூடுதான் பிடிக்கும். சோளமும் (மக்காச்சோளம் இல்லை) சிறுதானியங்களும் குழைய 70 டிகிரியைத் தாண்ட வேண்டும். அந்தச் சூட்டில் நொதிகள் செத்துவிடும்.

வழி இருக்கிறது. முளைதானியத்தை, அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தை, உடைத்து, 45 முதல் 50 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். மேலே தெளிந்து நிற்கும் நீரைத் தனியே மொண்டு வையுங்கள். நொதிகள் அதில்தான் இருக்கின்றன. அடியில் தங்கியதைக் கஞ்சியாகக் கொதிக்கவைத்து, 65 டிகிரிக்கு ஆறவிட்டு, எடுத்து வைத்த நீரை மறுபடி அதில் ஊற்றுங்கள். ஒன்றரை மணி நேரம் அதே சூட்டில் மூடி வைத்த பிறகு ஒரு சொட்டு அயோடினில் சோதியுங்கள். நீலம் காட்டினால் மாவு இன்னும் மிச்சம், பொறுத்திருங்கள். நிறம் மாறாவிட்டால் வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்க்கலாம். நொதி விஷயத்தில் சோள முளையைவிடக் கேழ்வரகு முளை கெட்டிக்காரப் பயல், ஆகவே அதிலிருந்து தொடங்குவதே நல்லது.

டர்பனுக்கு வெளியே, ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து: வடிகட்டும்போது பசைபோல் அடைத்துக்கொள்கிறதே?

பார்லிக்கு உமி உண்டு, அதுவே வடிதட்டாக நிற்கும். சோளத்துக்கும் கேழ்வரகுக்கும் அது இல்லை. ஊறலில் இரண்டு கை நெல் உமி சேருங்கள், தானியத்தை மாவாக அரைக்காதீர்கள். அல்லது ஜூலு வீட்டுப் பெண்கள் செய்வதுபோல் கோரைப்புல் வடிகட்டியில் பிழிந்து, கலங்கலாகவே குடியுங்கள்.

வெருலத்திலிருந்து: முளைவிட்ட சோளத்தில் விஷம் இருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையா?

உண்மை. முளைக்கும்போது தூரின் என்ற பொருள் உண்டாகிறது, அதிலிருந்து சயனைடு வெளிப்படும். அது பெரும்பாலும் குருத்திலும் வேரிலும்தான் இருக்கும். முளைத்ததை நன்றாகக் காயவைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தேய்த்துக் குருத்தையும் வேரையும் புடைத்து நீக்க வேண்டும். மீதியில் பெரும்பகுதி கொதியில் போய்விடும். பச்சைப்பயறு முளைபோல நினைத்துப் பச்சையாக வாயில் போடாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் பூஞ்சணம். டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் ஈரத் தானியம் இரண்டே நாளில் பூத்துவிடும். அந்த நஞ்சு கொதித்தாலும் போகாது. மனம் கேட்காவிட்டாலும் அப்படியே கொட்டிவிடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றும் கூழின் புளிப்பும், இங்கத்திய பாரம்பரிய பீரான உம்கொம்போத்தியின் புளிப்பும் ஒன்றுதானா?

புளிப்பு ஒன்றுதான், இரண்டிலும் வேலை செய்வது லாக்டிக் பாக்டீரியா. உம்கொம்போத்தியில் அதன்பின் ஈஸ்ட்டும் வந்து சேர்கிறது. அதைப் பக்குவம் தவறாமல் செய்யும் பெண்களை 'பழைய முறை' என்று ஒதுக்கிவிட்டு ஐரோப்பியப் புளிப்பு பீருக்கு இரட்டை விலை கொடுக்கிறோம். எனக்கு இது உறுத்துகிறது.

கிளேர்வுட்டிலிருந்து: சோளம் இந்த மண்ணின் தானியம். அப்படியிருந்தும் கடையில் பார்லி பீர்தானே நிறைந்திருக்கிறது?

ருசி மட்டும் காரணமில்லை, சட்டமும் காரணம். 1908இல், டர்பன் அடங்கிய நேட்டாலில் வந்த சட்டம், நகராட்சிகள் சோள பீர் வடித்து விற்கும் உரிமையைத் தாங்களே ஏகபோகமாக வைத்துக்கொள்ள வழி செய்தது. டர்பன் மாநகராட்சி அதைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் வடித்த பெண்கள் குற்றவாளிகள் ஆனார்கள். மாநகராட்சியின் பீர்க்கூடங்களில் வந்த லாபத்திலேயே கறுப்பின மக்களை அடக்கி ஆளும் நிர்வாகச் செலவு நடந்தது. நம் இந்திய வீடுகளில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதி என்றால் இந்தியர்களைத் தாக்கிய 1949 கலவரம்தான் பேச்சில் வரும். 1959இல் அதே இடத்தில் பெண்கள் பீர்க்கூடங்களுக்குள் புகுந்து போராடியதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தானியத்தை விளைவித்தவளும் வடித்தவளும் அரை நூற்றாண்டுக்கு மேல் சந்தைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

இன்று நிலைமை மெல்ல மாறுகிறது. இந்நாட்டு பீர் வடிப்பாளரான அபிவே நுசானி மாவேலா என்ற பெண் தம் டோலோகாசி பீரில் சோளத்தையே முன்னிறுத்துகிறார். உகாண்டாவில் ஈகிள் லாகர் 2002 முதல் உள்ளூர்ச் சோளத்தில்தான் வருகிறது. அதற்கு அரசு வரியைக் குறைத்ததும் கைகொடுத்தது.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: உண்மையிலேயே சிறு விவசாயிக்கு இதில் ஏதாவது கிடைக்குமா, அல்லது பாட்டிலில் ஒட்டும் படம் மட்டும்தானா?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 லிட்டர் பீருக்குச் சுமார் 5 கிலோ முளைதானியம் வேண்டும். வாரம் 1,000 லிட்டர் வடிக்கும் சிறு ஆலைக்கு ஆண்டுக்கு 13 டன் ஆகிறது. முளைகட்டிக் காயவைப்பதில் ஐந்தில் ஒரு பங்கு எடை போகும் என்று வைத்தால், வயலிலிருந்து 16 டன் வர வேண்டும். மானாவாரியில் ஹெக்டேருக்கு ஒரு டன் என்றால், அரை ஹெக்டேர் வைத்திருக்கும் முப்பது குடும்பங்களுக்குப் போகிற வியாபாரம் இது. பெரிதில்லை, ஆனாலும் அலட்சியப்படுத்தும் அளவுக்குச் சிறிதுமில்லை.

சிக்கல் பணம் எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. விவசாயி விற்பது வெறும் தானியம், ஆலை வாங்குவது முளைதானியம். நடுவில் ஊறவைத்து முளைகட்டிக் காயவைப்பவரிடம்தான் லாபம் தங்குகிறது. அந்த வேலை கிராமத்திலேயே நடந்தால் ஒழிய நம் பீர் விவசாயிக்கு உதவாது. அடுத்தது, விதைக்கும் முன்பே விலை பேச வேண்டும். அறுவடைக்குப் பிறகு வந்து பேரம் பேசினால், விவசாயிக்கு நாமும் இன்னொரு வியாபாரிதான். சோளம் பால்பிடிக்கும்போது குவேலியா குருவிக் கூட்டம் இறங்கினால் கதிரில் சக்கைதான் மிஞ்சும். குருவி விரட்டும் கூலியையும் விலையில் சேருங்கள். துவர்ப்பு கூடிய சோளத்தைக் குருவி அதிகம் தொடாது. ஆனால் அந்தத் துவர்ப்பே நொதியையும் கட்டிப்போடும், வடிப்பவருக்கு அது தலைவலி.

பீனிக்ஸிலிருந்து: கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத என் தங்கை குடிக்கலாமா?

பார்லியும் கோதுமையும் தொடாத பாத்திரத்தில் வடித்தால் குடிக்கலாம்.

அதே நண்பர்: விற்க உரிமம் வேண்டுமா?

வேண்டும். வீட்டுக்கு வடிப்பது வேறு, ஒரு பாட்டில் விற்றாலும் வேறு.

ஸ்டேங்கரிலிருந்து: தானியம் எங்கே வாங்குவது?

விவசாயியிடமே வாங்குங்கள். வாங்குமுன் நூறு மணியை ஈரத்துணியில் முடிந்து மூன்று நாள் வைத்துப் பாருங்கள். தொண்ணூறுக்குக் குறைவாக முளைத்தால் அந்த மூட்டை வேண்டாம். விதைக்கடையில் இளஞ்சிவப்பாக விற்பதன் பக்கமே போகாதீர்கள், அதில் பூச்சிமருந்து பூசியிருப்பார்கள்.