பட்டி உண்டு

கேள்வி: ஐயா, பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் வீட்டுக் கிணத்துல தவறி விழுந்து திடீர்னு ஒரு மாய உலகத்துக்குப் போயிடுற மாதிரி ஃபேன்டஸி நாவல் எழுதிருக்கேன். 612 பக்கம். மூணு பதிப்பகத்துக்கு அனுப்பியும் பதிலே இல்ல. முதல் நூறு பக்கம் உங்களுக்கும் அனுப்பிருக்கேன். தமிழ்ல ஃபேன்டஸிக்கு வாசகர்களே இல்லையா?
– பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகர், புளியரை

பதில்: தம்பி, நான் அந்த "திடீர்னு"லயே மாட்டிக்கிட்டு நிக்கேன். புளியரைல இருந்துக்கிட்டு இந்த வார்த்தைய எப்படி எழுதுனீங்க? உங்க ஊர் கேரள எல்லை செக்போஸ்ட்ல வைக்கோல் லாரி எவ்வளவு நேரம் நிக்கும்னு உங்களுக்குத் தெரியாததா? பாட்டி கதைல ராஜகுமாரன் ஏழு மலை ஏழு கடல் தாண்டணும், நடுவுல ஒரு கிழவிக்கு விறகு சுமந்து குடுக்கணும், அப்பறந்தான் கிளி இருக்குற குகை. உங்க பையனுக்குக் கால் வழுக்குனா போதும், வண்டிச்சத்தம் அஞ்சு பைசாகூட ஆகல.

(ஃபேன்டஸின்னு எழுதுனதும் நமக்கு எழுதுற பேராசிரியர் வாசகர் போஸ்ட் கார்டு எடுத்திருப்பாரு. "மிகுபுனைவு"ன்னுதான் எழுதணும்னு பதினோரு வருசமா சண்டை. ஐயா, செங்கோட்டை பஸ் ஸ்டாண்டுல நின்னு மிகுபுனைவு எங்க கிடைக்கும்னு கேட்டா நம்மள தென்காசி பஸ்ல ஏத்தி விட்டுருவாங்க.)

பையன் அங்க போயி விழுந்ததும் காவக்காரன் "வருக இளைஞனே"ங்கான். சுத்தத் தமிழ்ல. அது எப்படி தம்பி? நானும் பதினஞ்சு வயசுல மீட்டர்கேஜ் ரயில்ல தனியா ஏறி புனலூருக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். பகவதிபுரம் வரைக்கும் வெயிலு, அப்பறம் குகை, ஒரே இருட்டு, வெளிய வந்தா ஆரியங்காவுல கொட்டுது மழை, அதத் தாண்டி பதிமூணு கண் பாலம், அதுவரைக்கும் நானும் மாய உலகம்னுதான் வாயப் பொளந்துக்கிட்டு இருந்தேன். புனலூர்ல எறங்கி வீடு தேடிப் போனா ஒரு கேட்டுல போர்டு தொங்குது, "பட்டி உண்டு, சூக்ஷிக்குக". அப்பா எனக்கு மலையாள எழுத்து சொல்லித் தந்திருந்தாங்க, அர்த்தம் சொல்லித் தரல. பட்டின்னா ஆட்டுப்பட்டி, அத்தை ஆடு வளக்காங்க போலன்னு கேட்டத் தெறந்து உள்ள போயிட்டேன். மலையாளத்துல பட்டின்னா நாய். அது அத்தை வீடும் இல்ல. உங்க நூறு பக்கத்துல ஏழு தலை மிருகம் ஒண்ணு வருது, சத்தியமா சொல்லுதேன், அந்த நாய்க்கு இருந்த ஒரு தலைக்கு ஈடாகாது.

காசு விஷயமும் அப்படித்தான். உங்க உலகத்துல "தங்கக் காசு", அத்தோட சரி. எங்க செங்கோட்டைப் பக்கமெல்லாம் அப்ப திருவிதாங்கூர், அங்க 16 காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபா. நாலு எட்டு நடந்து, எல்லைல இருந்த பிரானூர் தாண்டுனா வெள்ளைக்காரன் ரூபா, 16 அணா, எல்லாம் வேற கணக்கு. எங்க தாத்தா பத்திரத்துல ஆண்டு 1108ன்னு இருக்கு, சோழர் காலத்துல வாங்குன வயல்னு ஸ்கூல்ல பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன், அது கொல்லம் ஆண்டு, கூட 825 சேத்துக்கணும்னு வாத்தியார் சொல்லித்தான் மானம் போச்சு.

திடீர்னு போன பையன்னா அது எங்க அப்பா ஒருத்தர்தான். அவங்களுக்கும் அப்ப பதினஞ்சு வயசு. அக்டோபர் 31 ராத்திரி திருக்கொச்சில, அதான் திருவிதாங்கூர்-கொச்சி ஸ்டேட்ல, படுத்தாங்க, 1956 நவம்பர் 1 காலைல மெட்ராஸ் ஸ்டேட்ல எந்திரிச்சாங்க. அதே பாய், அதே திண்ணை. எல்லைதான் மேக்க நகந்து போச்சு, பிரானூர்ல "பார்டர்"ங்கிற பேரு மட்டும் போகாம அங்கயே பரோட்டா போட்டுக்கிட்டு இருக்கு. இப்ப மெட்ராஸ்லயும் "பார்டர் பரோட்டா"ன்னு போர்டு வைக்கான். எந்த பார்டர்யா அங்க? போன வாட்டி ஒரு கடைல கேட்டே போட்டேன், சப்ளையர் பையன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "தாம்பரம் சார்"ங்கான். சால்னா வேற இனிக்கி. இதப்பத்தி எழுதாதீங்கன்னு வீட்டுல சொல்லிருக்காங்க, விட்டுடுதேன்.

வாசகர் இல்லையான்னுல்ல கேட்டீங்க. மேலகரம் ராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சில, அருவித்தண்ணி வானம் வரைக்கும் எழும்பி சூரியன் தேர்க்காலும் குதிரைக்காலும் வழுக்குதுன்னு பாடிட்டுப் போனாரு. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனும் அதெப்படின்னு கேக்கல. சீசன்ல எண்ணெய் தேச்சுக் குளிச்ச கூட்டம் போனப்பறம் அந்தப் பாறைல கால வச்சுப் பாருங்க, சூரியன் என்ன, யாரு வந்தாலும் வழுக்கத்தான் செய்யும். உங்க பையனும் வழுக்கித்தான் விழுந்தான், ஆனா அந்தக் கிணத்துப் படில பாசி இருந்துச்சான்னு நூறு பக்கத்துல எங்கயும் இல்லையே.

அந்த நூறு பக்கத்தத் திருப்பி அனுப்பச் சொல்லிருந்தீங்க. இப்ப கையில இல்ல. எங்க ஆபீஸ்ல டைப் அடிக்கிற பொண்ணு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கு, நாலு நாளா கேட்டாச்சு, இந்தா அந்தான்னு இழுக்குது. நேத்து அதுவே வந்து, மிச்சம் 512 பக்கம் எப்ப சார் வரும்னு கேக்குது.