மலைத்தேன்: கேட்டவையும் பதிலும்

மலைத்தேன் பாட்டிலைத் திறந்தால் 'புஸ்' என்று நுரைக்கிறது. கலப்படமா? (விக்கிரமசிங்கபுரம்)

இல்லை, புளிக்கிறது. மலைத்தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். ஈக்கள் மெழுகால் மூடாத அடையையும் புழு இருக்கும் அடையையும் சேர்த்துப் பிழிந்தால் சீக்கிரமே புளிக்கும். நேரடித் தீயில் காய்ச்சாதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, தேன் 65 டிகிரிக்கு வந்ததும் 10 நிமிடம் விட்டு, நுரையை எடுத்து ஆறவிடுங்கள். காடி வாடை வந்துவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான். ஈரக் கரண்டி ஆகவே ஆகாது.

பாட்டிலின் அடியில் சீனி போல உறைந்திருக்கிறது. (சேரன்மகாதேவி)

குளுக்கோஸ் உறைவது தேனின் இயல்பு. 45 டிகிரி வெந்நீரில் பாட்டிலை வையுங்கள், இளகிவிடும்.

ஒரு கிலோ கேட்டேன், 750 மில்லி பாட்டில் தந்தார்கள். ஏமாற்றா? (அம்பாசமுத்திரம்)

எடை போட்டுப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ. கிலோவுக்குச் சுமார் 700 மில்லிதான் வரும்.

தண்ணீரில் விட்டேன், கரையாமல் அடியில் போனது. தேனில் நனைத்த திரி எரிந்தது. எறும்பும் வரவில்லை. அசல்தானே? (களக்காடு)

எத்தனை முறை எழுதினாலும் இதே கடிதம் வருகிறது. தண்ணீரும் திரியும் காட்டுவது கெட்டியை மட்டும்தான். கம்பிப் பதத்தில் காய்ச்சிய சீனிப்பாகும் அடியில்தான் போகும், தாளில் ஊறாது. காணிக்காரப் பழங்குடியினர் பொதிகைமலைக் காட்டில் எடுத்துவரும் அசல் மலைத்தேனோ ஈரம் கூடியது. தண்ணீரில் சீக்கிரம் கலையும், திரியில் சடசடக்கும், தாளில் ஊறும். ஆக, நல்ல தேனைத் தள்ளிவிட்டுப் பாகை வாங்கி வருகிறீர்கள். எறும்போ அசல் தேனையும் மொய்க்கும். இந்தச் சோதனைகளில் தேறவேண்டும் என்றே சில வியாபாரிகள் தேனைக் கொதிக்க வைத்துக் கெட்டியாக்குகிறார்கள். பூவாசம் போய், நிறம் கருத்து, எச்.எம்.எஃப். (தேனைச் சூடாக்கினால் கூடும் ஒரு வேதிப்பொருள்) ஏறிவிடுகிறது. கிலோவுக்கு 80 மில்லிகிராம்தான் அதற்குச் சட்ட வரம்பு. கருப்பாக இருப்பதாலேயே அது மலைத்தேன் ஆகிவிடாது. அரிசிப்பாகு கலந்திருந்தால் கரும்புச் சர்க்கரைக்கான ஆய்வகச் சோதனையே கோட்டைவிடும், அதற்கு என்.எம்.ஆர். போன்ற இன்னும் நுட்பமான ஆய்வகச் சோதனை வேண்டும். வீட்டில் தீப்பெட்டியை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்? எந்த மாதம் எடுத்தது, எந்த ஈ, அடுப்பில் ஏற்றினார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். முக்கியப் பருவம் சித்திரை, வைகாசி. ஐப்பசி அடைமழையில் 'நேற்று எடுத்தது' என்றால் நம்பாதீர்கள்.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க (முதல் இனிப்பை நாவில் தொட்டுவைக்க) மலைத்தேன் ஆகுமா? (பாளையங்கோட்டை)

கூடாது. ஒரு வயது முடியும்வரை எந்தத் தேனும், ஒரு சொட்டுகூடக் கூடாது. பொட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம், காய்ச்சினாலும் சாகாது.

கொசுத்தேன் புளிக்கிறதே? (கடையம்)

கொசுபோல் சிறிய, கொட்டாத ஈயின் தேன் அது. அதன் ருசியே லேசான புளிப்புதான். ஈரம் 25 சதவீதத்துக்கு மேல் இருக்கும் என்பதால் பிரிட்ஜில் வையுங்கள். கரண்டி உலர்ந்திருக்கட்டும்.